இரண்டு பக்கமும் பேசியவர்

ஏற்காடு ஏரிக்கரை டீக்கடைக்காரர் அவரிடம் "டீயா, காப்பியா" என்று கேட்பதைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார். கேட்டால் பதில் வர நேரமாகும். காபி இந்த மலையிலேயே விளைகிறது, லாரி ஏறி வருவதில்லை, ஆகவே காபிதான் பூமிக்கு நல்லது என்று தொடங்குவார். ஆனால் காபிக்குப் பால் அதிகம் வேண்டும், பால் அடிவாரத்திலிருந்து வருகிறது, மாடு விடும் ஏப்பம் வானத்தைச் சூடாக்குகிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கும்போது, "ரெண்டு பக்கமும் பாக்கணும் இல்லையா?" என்று கடைக்காரரையே கேட்பார்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க. அதுக்குள்ள நான் இவங்களுக்குப் போட்டுக் குடுத்தர்றனுங்க."

கடைசியில் டீதான் வாங்குவார். சர்க்கரை தூக்கலாக. அவர் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை.

எந்தக் காரியத்தையும் அவர் விவாதிக்காமல் செய்ததில்லை. எந்த விவாதமும் அவர் செய்ய நினைத்திருந்த காரியத்தை மாற்றியதும் இல்லை.

ஊரடங்கு முடிந்த சமயத்தில் பெங்களூரிலிருந்து வந்தவர். மஞ்சக்குட்டை போகும் சாலையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாடகைக்குப் பிடித்து, தங்கும் விடுதிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் கம்பெனி தொடங்கினார். சாயம் போடாத நூல் சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி. பேசும்போது எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நான் அப்போது ஒரு சேலம் பத்திரிகைக்கு மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மலர்க் கண்காட்சி, கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்த வேன், காட்டெருமை. அவர் என்னைக் கூப்பிட்டுத் தம்மைப் பற்றிய செய்தியைத் தாமே எழுதிக் கொடுப்பார். அதில் அவருடைய கருத்து இருக்கும். அந்தக் கருத்துக்கு எதிர்ப்பும் இருக்கும்.

"மறுப்பையும் நானே எழுதிட்டேன். உங்களுக்கு வேலை மிச்சம்."

மறுப்பு, கருத்தைவிட நன்றாக இருக்கும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் கீழிருந்து வந்து தங்கியிருந்த பையன்கள்; நிலைக்கவில்லை. மூன்றாவது ஆள் கவிதா. மலைமேலேயே இருக்கும் தலைச்சோலை ஊர்ப் பெண். அப்பாவுக்குக் கொஞ்சம் காபிச் செடியும் அதன் நடுவே மிளகும் உண்டு. சேலத்தில் பி.சி.ஏ. முடித்தவள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் சென்னை, பெங்களூர் என்று போய்விட, கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரி சொந்த ஊட்டில் (வீட்டை இங்கே ஊடு என்போம்) தூங்கிய ஒரே பெண் எங்களுக்குத் தெரிந்து அவள்தான். இந்த வேலை இல்லை என்றால் ஓசூரில் சித்தி வீடு. பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் இடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுக்கு இறங்க மனமில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் சொல்ல மாட்டாள்.

"கீழ வேக்குதுங்க சார்."

கம்ப்யூட்டர் கோடு எழுதித் தரும் ஏஐ உதவியாளர்கள் வந்தபோது அவர் வாழ்க்கையில் வசந்தம் வந்தது. அதுவரை டீ, காபி, பிளாஸ்டிக் என்று சில்லறை விஷயங்களை விவாதித்துக்கொண்டிருந்தவருக்கு முதல் முறையாகத் தம் அளவுக்குப் பொருத்தமான ஒரு தலைப்பு கிடைத்தது. சொன்னால் புரோகிராம் எழுதித் தருகிறது. அதே சமயம் எங்கோ ஒரு கட்டடத்தில் மின்சாரத்தைத் தின்று, சூடாகி, அந்தச் சூட்டை ஆற்றத் தண்ணீர் குடிக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே இயந்திரத்தில். அவர் எத்தனை காலம் காத்திருந்தாரோ.

முதலில் அலுவலகத்தில் ஒரு விதி வந்தது. ஊழியர்கள் ஏஐயைத் தொடக் கூடாது. கையால்தான் எழுத வேண்டும். பொறுப்போடு பயன்படுத்தத் தெரிந்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அப்படி ஒருவர் அந்த அலுவலகத்தில் இருந்தார். சுவரில் அழகான எழுத்தில் ஒரு அட்டையும் ஏறியது: "ஏஐக்கு நன்றி சொல்லாதீர்கள். ஒவ்வொரு நன்றியும் ஒரு மிடறு தண்ணீர்."

நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் தண்ணீர் சுழன்று சுழன்று தெளித்துக்கொண்டிருந்தது. சித்திரை மாதம். மலைமேல் பாதி ஊடுகள் குடத்தை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடி இருந்தன. பங்களா வாசலில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. அதன் டிரைவருக்கு வழி காட்ட அவரே எழுந்து போனார்.

"ஏஐக்கு எதுக்கு நன்றி சொல்லப் போறோம், நாங்கதான் தொடவே கூடாதே," என்றாள் கவிதா. "அவருதானுங்க தெனமும் அதுகூடச் சண்டை போடறாரு."

"எதைப் பற்றி?"

"நீ பூமிக்கு நல்லதா கெட்டதான்னு அதையே கேக்கறாரு சார். நல்லதுன்னு சொன்னா எதுத்துப் பேசறாரு. அது மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிக் கெட்டதுங்குது. ஒடனே இவரு நல்லதுங்கற பக்கம் போயிர்றாரு. பாவமுங்க அது. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டே இருக்குது."

அந்த வருஷம் விடுதி உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். கோடு எழுதும் ஏஐ மலைக்கு வரமா, சுமையா என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வரம் என்று இவர் பேசுவதாகவும், சுமை என்று பேச சேலத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாகவும் ஏற்பாடு. மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்து பேராசிரியரின் கார் கீழேயே நின்றுவிட்டது. ஒத்திவைக்கலாமா என்று சங்கத் தலைவர் கேட்டார்.

"அவசியமில்லை," என்றார் இவர். இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

இடது நாற்காலியில் உட்கார்ந்து வரம் என்றார். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன அலுவலகம் இனிமேல் பெங்களூரின் ஒரு முழு மாடி செய்கிற வேலையைச் செய்யலாம். தலைச்சோலைப் பெண் பிழைப்புக்காகப் பஸ் ஏற வேண்டாம். தவறுகளை டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடும். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வலது நாற்காலிக்குப் போனார். "என் நண்பர் இப்போது பேசியதை வன்மையாக மறுக்கிறேன்," என்றார். இரண்டு வரியில் கையால் எழுதக்கூடியதை ஒரு பெரிய இயந்திரத்தை எழுப்பிக் கேட்பது, ஈயை ஓட்டக் கோயில் யானையை வரவழைப்பது போன்றது. மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கிற தண்ணீர் ஒரு ஊரின் குடிநீர். நமக்குக் கண்ணில் படவில்லை என்பதற்காகச் செலவு இல்லை என்று ஆகிவிடாது.

எந்த நாற்காலியிலும் அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த சிக்கலே அதுதான்.

கேள்வி நேரத்தில் பொன்னம்மாள் எழுந்தார். மஞ்சக்குட்டைக்காரர். ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஊட்டில் மூன்று அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறவர். களி உருண்டையும் கீரையும் போட்டே பெங்களூர்க்காரர்களைத் திரும்பத் திரும்ப வரவைத்தவர்.

"ஏனுங்க சார், அந்த மெசினு எந்தூருத் தண்ணியக் குடிக்குதுங்க?"

"அது பல ஊர்ல இருக்கும்மா. குறிப்பா சொல்ல முடியாது."

"அந்தந்த ஊருக்காரங்களுக்காச்சும் தெரியுங்களா?"

"நல்ல கேள்வி. இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு."

"ரெண்டு பக்கமும் நீங்களே உக்காந்துட்டீங்க. நாங்க எங்கீங்க உக்கார்றது?"

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். இரு தரப்பும் சமம் என்று தீர்ப்புச் சொல்லி, பேச்சாளர்களுக்கு நன்றி கூறினார். பொன்னாடை ஒன்றுதான் இருந்தது.

அந்த விழாவிலேயே சங்கத்தார் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். மலைவாசிகள் நடத்தும் வீட்டு விடுதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, அறைகளைப் பதிவு செய்ய ஒரு புரோகிராம். எழுதியது கவிதா. விதிப்படி கையால். அதில் அவள் ஒரு சின்ன ஏற்பாடு வைத்திருந்தாள். விடுதிக்காரர் ஒரு பொத்தானைத் தொட்டால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஊடு பூட்டியதாகிவிடும். யாரும் அறை பதிவு செய்ய முடியாது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக அவள் யோசித்தது அது. அவள் பக்கத்துக் குடும்பங்கள் திருவிழாவுக்கு ஊட்டைப் பூட்டிவிட்டு மொத்தமாக மேலே போய்விடும். அன்றைக்கு வெளியாருக்கு அடுப்பு எரியாது. எந்தெந்த நாள் என்பது பெரியவர்கள் கூடிப் பேசிச் சொன்ன பிறகுதான் நிச்சயம். ஆகவே கம்ப்யூட்டரில் தேதியை முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. பொத்தான்தான் முடியும்.

புரோகிராம் நன்றாக ஓடியது. அவருக்குத்தான் நிம்மதியில்லை. தேவையற்ற ஒவ்வொரு வரியும் எங்கோ மின்சாரத்தை எரிக்கிறது, ஆகவே கோடு மெலிய வேண்டும் என்று ஒரு கொள்கைக்கு வந்திருந்தார். கவிதா எழுதியதை ஏஐயிடம் கொடுத்து மெலியவைத்தார். பொத்தானுக்குப் பின்னால் இருந்த கோடு போய்விட்டது. பொத்தானைத் தொட்டவர்களுக்கு அது இருந்தது போலவே திரையில் தெரிந்தது. பின்னால்தான் ஒன்றும் நடக்கவில்லை.

திருவிழா அன்று மஞ்சக்குட்டையில் ஒரு வேன் வந்து நின்றது. பிறகு இரண்டு கார். குழந்தைகள், மாமியார்கள், சூட்கேஸ்கள். எல்லா ஊடும் பூட்டு. பொன்னம்மாள் ஊட்டு வாசலில் நாய் மட்டும் இருந்தது. வந்தவர்களை அது நன்றாகவே வரவேற்றது என்று பிறகு ஒருவர் இணையத்தில் எழுதினார்; அந்த விமர்சனத்தில் இருந்த ஒரே பாராட்டு அதுதான். பொன்னம்மாள் அந்நேரம் மலை உச்சியில், குகைக் கோயிலுக்குள் குனிந்து நுழையும் வரிசையில் நின்றிருந்தார். போனில் சிக்னல் இல்லை.

மறுநாள் பொன்னம்மாள் நேராகப் பங்களாவுக்கு வந்துவிட்டார். கால் கழுவாத வேகம். எனக்குச் செய்தி வந்து நானும் போயிருந்தேன்.

"ஏனுங்க சார், சாமி கும்புடப் போன எடத்துல என்னையத் திருடியாட்டம் ஆக்கிப்போட்டீங்களே. காசு வாங்கிட்டு ஊட்டப் பூட்டிட்டு ஓடிட்டாளாம். எழுதியிருக்கறாங்க, எங்க பையன் படிச்சுக் காட்டறான்."

அவர் கோபப்படவில்லை. அவர் என்றைக்குமே கோபப்பட்டதில்லை. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, தாம் எவ்வளவு யோசித்து முடிவெடுத்தார் என்பதற்குச் சான்றாக, ஏஐ அன்று எழுதியதை உரக்கப் படித்தார். "இந்தப் பகுதி ஏதோ காரணத்துக்காகவே எழுதப்பட்டது போலத் தெரிகிறது. எழுதியவரிடம் கேட்டுவிட்டு நீக்கலாமா?"

எழுதியவள் அடுத்த மேஜையில் இருந்தாள். அன்றும் அங்கேதான் இருந்திருப்பாள்.

"அப்பக் கேக்க வேண்டியதுதானுங்களே?" என்றார் பொன்னம்மாள்.

"கேக்கலாமா வேண்டாமான்னு நான் ரெண்டு பக்கமும் பாத்தேம்மா. அப்புறம்தான் வேண்டாம்னு முடிவு பண்ணினேன்."

அந்த அலுவலகத்தில் கேட்டுச் செய்யும் பழக்கம் இருந்தது அந்த இயந்திரத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பொன்னம்மாள் அவரை விட்டுவிட்டு கவிதாவிடம் திரும்பினார். "நீ வெச்சது தானே கண்ணு அந்தப் பட்டனு? திரும்பி வெச்சுப்போடு சாமி." கவிதா அன்று மதியத்துக்குள் வைத்துவிட்டாள். எனக்குப் பிரச்சினை முடிந்தது என்று பட்டது. அவருக்கு அப்போதுதான் தொடங்கியது. தவறு யாருடையது என்று அவர் ஒரு வாரம் விவாதித்தார். இயந்திரத்தின் தரப்பையும் பேசினார், கவிதாவின் தரப்பையும் பேசினார். மூன்றாவதாக ஒரு தரப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஒரு நியூஸ். இந்தியாவிலேயே யாரும் இப்படி யோசிச்சதில்லை."

சுவரில் புரொஜெக்டர் படம் ஒன்று விழுந்திருந்தது. இரண்டு கம்பங்கள். பச்சை நிறத்தில் குட்டையாக ஒன்று, அது ஏஐ. சிவப்பில் உயரமாக இன்னொன்று, அது கவிதா. அதே புரோகிராமை எழுத இருவரும் பூமிக்கு எவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்ற ஒப்பீடு. ஏஐ பக்கம் மின்சாரமும் தண்ணீரும். கவிதா பக்கம் தலைச்சோலையிலிருந்து தினமும் வரும் ஜீப்பின் டீசல், கம்ப்யூட்டர், டீ, மதியச் சோறு. அதுவரை ஏஐயின் தண்ணீரைப் பற்றி ஊரெல்லாம் அழுதவர், அந்தத் தண்ணீரே இந்தப் பெண்ணைவிடச் சிக்கனம் என்று கண்டுபிடித்திருந்தார்.

கவிதா தன் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது என்ன சொல்லவருகிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. 

"சோறு எதுக்குங்க சார் இதுல? வேலைக்கு வராட்டியும் நான் சாப்புடுவனுங்களே."

"ஃபேர் பாயின்ட்," என்றார் அவர். நிஜமாகவே மகிழ்ந்தார். சோற்றைக் கழித்தார். சிவப்புக் கம்பம் ஒரு விரற்கடை குறைந்தது. முடிவு குறையவில்லை.

"உங்க கம்பம் எங்கீங்க சார்?"

"நிறுவனரைச் சேர்க்கிறது வழக்கமில்லை கவிதா. கணக்குல குழப்பம் வரும்."

வெளியே புல்வெளியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அவர் அவளிடம் அன்பாகத்தான் பேசினார். இது தனிப்பட்ட விஷயமில்லை என்றார். பூமிக்காக என்றார். தம் மனதும் கனமாக இருக்கிறது என்றார். அவளை வேலையிலிருந்து அனுப்புவதற்கு எதிரான வாதங்களையும் அவரே வரிசையாகச் சொன்னார். அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் போனாள். செய்திக் குறிப்பு என் கையில் இருந்தது, மறுப்புடன். அன்று மஞ்சக்குட்டைப் பக்கம் காட்டெருமை இறங்கியிருந்தது. நான் காட்டெருமைச் செய்தியை அனுப்பினேன்.

ஓசூர்ச் சித்தி போன் செய்துவிட்டார். பஸ்ஸுக்கு நாள் பார்த்தார்கள். அதற்குள் பொன்னம்மாள் தலைச்சோலைக்கே போனார். சங்கத்திலிருந்த மலைக் குடும்பங்களிடம் என்ன பேசினாரோ, புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கம்பெனியிடமிருந்து எடுத்து கவிதாவிடம் கொடுத்துவிட்டார்கள். சங்க அலுவலகத்தின் பின்னறையில் ஒரு மேஜை. கவிதா இப்போது ஏஐயை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறாள். தண்ணீர் குடிக்குமே என்று நான் சீண்டினேன்.

"குடிக்குமுங்க சார். வேணுங்கறத மட்டும் கேக்கறேன். சண்டை போடறதில்லீங்க."

அவர் அந்த மழைக்காலத்திலேயே இறங்கிப் போய்விட்டார். ஏற்காட்டில் இருப்பதா, போவதா என்று டீக்கடையில் இரண்டு பக்கமும் பேசிய அன்று அவருடைய சாமான்கள் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. பசுமையான முறையில் கோடு எழுதுவது எப்படி என்று இப்போது நகரங்களில் பேசுகிறார். கூட்டம் வருகிறதாம்.

அப்படி ஒரு பேச்சின் வீடியோ எனக்கு வந்தது. காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெலிந்திருந்தார்; தாடியில் நரை, பார்க்க அழகாகவே இருந்தது. பின்னால் திரையில் ஒரு மலைப்பாதை, அதில் ஒரு ஜீப். "என் அலுவலகத்தில் நான் எடுத்த மிகக் கடினமான முடிவு இது," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஒரே ஒரு இருக்கை. தினமும் ஒரு ஜீப்பில் ஒரு இருக்கையை இந்தப் பூமிக்குத் திருப்பிக் கொடுத்தேன்." கைதட்டல்.

தலைச்சோலை ஜீப் அப்போதுதான் வந்து நின்றது. வழக்கம்போல் பிதுங்க பிதுங்க ஆட்கள், கூடைகள், ஒரு சேவல். பின் சீட்டின் ஓரத்திலிருந்து கவிதா இறங்கினாள். என்ன சார் பாக்கறீங்க என்று எட்டிப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். கைதட்டல் முடியும் வரை முழுக்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சில்லறையைத் துழாவி ஜீப்காரரிடம் நீட்டினாள்.

"அந்தச் சீட்டுக்கு அவரு ஒரு நாளும் குடுத்ததில்லீங்க சார். அன்னைக்கும் நாந்தான் குடுத்தேன், இன்னைக்கும் நாந்தான் குடுக்கறேன். அவரு எதைத் திருப்பிக் குடுத்தாரு?"